இரண்டு கைகளும்

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு ரெண்டு கையையும் வையுங்கோ," என்றாள் மரியமலர். "நோகாத கை மற்றதை மேலை கூட்டிக்கொண்டு போகும்."

அவளுடைய கணவர் ஏர்னஸ்ற் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

இத்தாலியில், பலெர்மோ நகரத்துப் போர்கோ வெக்கியோவில் அவர்கள் இருந்த அறையில் வெறுமையாகக் கிடந்த சுவர் அது ஒன்றுதான். கீழே சந்தையில் பெட்டிகள் இறங்கும் சத்தம் கேட்டது.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டின் குளிர்காலம் முழுக்க அவருடைய வலது தோள் இறுகிப்போய்க் கிடந்தது.

எலும்பில் பழுதில்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். விரல்களைச் சுவரில் நடக்கவிட்டு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மேலே ஏற்றவேண்டும். விட்டால் பிறகு இளகாது.

யன்னல் துடைக்க முடியாத ஒருவரை, அவர் வேலைசெய்யும் வீட்டுக்காரி சிஞ்ஞோரா எவ்வளவு காலம் வேலைக்கு வைத்திருப்பாள்?

மரியமலர் அந்தப் பயிற்சியோடு செபமாலையையும் சேர்த்துக்கொண்டாள். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் விரல்கள் கொஞ்சம் ஏறவேண்டும். மடு மாதாவின் படத்தை அவர் தலைக்கு மேலே மாட்டி, அதைத் தொடுகிற அன்று சுகம் என்று சொன்னாள்.

ஆனால் தோள் உயரத்துக்கு வந்ததும் விரல்கள் நின்றுவிடும். முகம் வியர்க்கும். நோவு என்பார்.

அவளுக்கு அதுதான் பயம். நோவு வந்த மனிதர் ஏன் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்?

இன்றும் கைகள் தோள்வரை ஏறி நின்றன.

இதுவரை அவள் பக்கத்தில்தான் நிற்பாள். இன்று முதன்முறையாக அவருக்குப் பின்னால் போய், இரண்டு முழங்கைகளையும் பிடித்துத் தூக்கினாள்.

கைகள் சட்டென்று உயர்ந்தன. தலைக்கு மேலே, படத்துக்கு இரண்டு பக்கமும், உள்ளங்கைகள் விரிந்து சுவரில் ஒட்டிக்கொண்டன.

"மாதாவே," என்றாள். சந்தோசத்தில் சிரித்தேவிட்டாள்.

பிறகுதான் பார்த்தாள். அவர் கால்களை அகட்டி வைத்திருந்தார். நெற்றி சுவரில் அழுந்தியிருந்தது. இடுப்பில் கட்டியிருந்த சாரம் நனைந்துகொண்டிருந்தது.

இராணுவத்தினர் அப்படி நிறுத்திவைத்த ஆண்களை அவள் ஊரில் வீதியோரச் சுவர்களில் கண்டிருக்கிறாள்.

வலது பக்கத்தில் யாரோ நிற்பதுபோல, தலையைத் திருப்பாமல் அவர் மெல்லச் சொன்னார்: "சாந்தன், திரும்பிப் பாக்காதை."

சாந்தன் மரியமலரின் தம்பி.

அவன் இந்தியாவுக்குப் படகேறிவிட்டான் என்று வந்து சொன்னவர் ஏர்னஸ்ற்தான். அவன் எங்கேயாவது சுகமாக இருக்கவேண்டும் என்று அவள் காலைதோறும் வேண்டிக்கொள்வாள். அதற்கும் அவர் ஆமென் சொல்லியிருக்கிறார்.

அப்படி நின்ற தம்பிக்கு என்ன நடந்தது என்று கேட்கலாம். கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

அவள் விலகி வந்து அவருக்கு வலது பக்கத்தில் நின்றாள். தன் கைகளையும் உயர்த்திச் சுவரில் வைத்தாள்.

"நான் மலர். நாங்கள் பலெர்மோவிலை நிக்கிறம். பின்னாலை ஒருத்தரும் இல்லை."

வெகுநேரம் கழித்து அவர் மூச்சு விட்டார். கைகள் இறங்கவில்லை.

அவள் செபத்தை மறுபடி தொடங்கினாள். இந்த முறை தம்பியின் பெயரைச் சொல்லி, இறந்தவர்களுக்கான செபத்தை.