பின்பக்க ஷாக்

“முன்னாடி மட்டும் ஷாக் அப்சார்பர் இருக்கிற மலை சைக்கிள் போதும்னு உங்க வீட்டுக்காரரே எழுதிக் குடுத்திருக்காரேம்மா!” என்று சீட்டை ஆட்டிக் காட்டினார் கடைக்காரர்.

“அவர் அப்படித்தான் எழுதுவார். நீங்க பின்னாடியும் ஷாக் இருக்கிறதையே குடுங்க” என்றாள் வாங்க வந்தவள்.

கடைக்காரருக்கு எரிச்சலாக வந்தது. ஓட்டப்போகிறவர் ஒன்று கேட்டு, வாங்க வந்தவர் வேறொன்றை எடுத்துப்போனால், வண்டி ஒரே வாரத்தில் கடைக்குத் திரும்பிவிடும்.

“இது கனம்மா. மிதிக்கிறதுல பாதி அந்த ஸ்பிரிங்குக்கே போயிடும். மலை ஏறுறதுக்குள்ள மனுஷனுக்கு நாக்கு தள்ளிடும்.”

“இறங்குறதுக்கு?”

“இறக்கத்துல இதை அடிச்சுக்க ஆளே கிடையாது. கல்லு, பள்ளம் எதுவும் தெரியாது. பறந்து வரலாம்.”

“அப்போ இதுதான். ஏறுறது கஷ்டமாவே இருக்கட்டும்.”

“புருஷன் மேல அப்படி என்னம்மா கோபம்?”

அவள் பின்சக்கரத்தை மெல்ல உருட்டிப் பார்த்தாள்.

“கோபமெல்லாம் இல்லைங்க. அவருக்கு மலை உச்சியில, காட்டுத்தீ பார்க்கிற கோபுரத்துல வேலை. சனிக்கிழமை சாயந்திரம் இறங்குவார், திங்கட்கிழமை காலையில ஏறிடுவார். எங்க வீடு அடிவாரத்துல இருக்கு. ஏறுறது கஷ்டமா இருந்தா, இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போகலாம்னு அவருக்குத் தோணாதா?”

கடைக்காரர் சீட்டை மடித்து மேசைக்குள் போட்டார்.

“பிரேக்கை மட்டும் நல்லா டைட் பண்ணித் தர்றேன்மா” என்றார். “சனிக்கிழமை மனுஷன் கண்ணு மண்ணு தெரியாம வருவார்.”