இழுத்தால் அவிழும் முடிச்சு

"ஆமா டாக்டரம்மா. அடிச்சேன். சூடு வெச்சேன். இருட்டு ரூம்ல போட்டுப் பூட்டினேன். எழுதிக்குங்க."

கேட்பதற்கு முன்னாலேயே சொல்லி முடித்துவிட்டாள் அந்த அம்மாள். குரல் நடுங்கவில்லை.

மனநல டாக்டர் இன்னும் பேனாவைத் திறக்கவில்லை. கதவோரம் நின்ற பெண் போலீஸ்தான் கொதித்துப் போனாள்.

"பெத்தவளா நீ? இப்படி வளர்த்தா அவன் கொலைகாரனா வராம சாமியாராவா வருவான்?"

"நீங்க சும்மா இருங்க" என்றார் டாக்டர்.

சும்மா எப்படி இருப்பது? நாலு பெண்கள். நாலு பேரும் தனியாகக் குடியிருந்தவர்கள். கழுத்தை நெரித்து, படுக்கை விரிப்பில் சுற்றி, மூட்டை மாதிரி நாடாவால் கட்டி, ஒரே மாதிரி முடிச்சுப் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தான் இவள் மகன். கொன்றது நான்தான் என்று கோர்ட்டில் ஒத்துக்கொண்டும் விட்டான். தூக்கா, ஆயுளா என்பது மட்டும்தான் பாக்கி.

அவன் ஏன் இப்படி ஆனான் என்று டாக்டர் அறிக்கை தர வேண்டும். சின்ன வயதில் சித்திரவதைப்பட்டவன் என்று அதில் இருந்தால் தூக்கு ஆயுளாகக் குறையலாம். இது அந்த அம்மாளுக்கும் தெரியும். வக்கீல் சொல்லியிருந்தார்.

"உங்க மகனை நேத்து ஜெயில்ல பார்த்தேன். நாலு கொலையையும், கடைக்குப் போய்ட்டு வந்த மாதிரி சொல்றான். அழுகை இல்ல, கோபம் இல்ல. உங்களைப் பத்திக் கேட்டா மட்டும் வாயே திறக்கல."

"எப்படித் திறப்பான்? அவ்வளவு கொடுமை பண்ணியிருக்கேன்."

"எதால சூடு வெச்சீங்க?"

"இஸ்திரிப் பெட்டியால. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல எனக்கு வேலை. அவனையும் கூட்டிட்டுப் போவேன். அங்கதான்."

"உடம்புல எந்த இடத்துல?"

"முதுகுல."

"அவன் முதுகுல ஒரு தழும்பும் இல்லம்மா."



"ஆறியிருக்கும்."

"இஸ்திரிப் பெட்டிச் சூடா?"

"அப்ப அதை விடுங்க. கட்டிப் போடுவேன். அதை எழுதுங்க. மூட்டை கட்டற நாடாவால."

"பார்த்தீங்களா டாக்டர்!" பெண் போலீஸ் மறுபடி பாய்ந்தாள். "எல்லாம் இவ சொல்லிக் குடுத்த பாடம்! போன் பண்ணாளே ஒரு மகராசி, அவ இல்லேன்னா இன்னும் எத்தனை பேர் போயிருப்பாங்களோ. முடிச்சோட போட்டோவைப் பேப்பர்ல போட்டோம், அன்னிக்கே கூப்பிட்டா. அவன் பேரு, விலாசம், எப்ப வீட்ல இருப்பான், எல்லாம் சொன்னா. நீ யாரும்மான்னு கேட்டா வெச்சுட்டா. அவ கால்ல விழலாம். உன்னைப் பார்த்தா காறித் துப்பத் தோணுது."

அந்த அம்மாள் தலை நிமிரவில்லை.

டாக்டர் எழுந்து ஜன்னல் திரையைக் கட்டியிருந்த நாடாவை உருவினார். "எப்படிக் கட்டுவீங்கன்னு காட்டுங்க. இந்த நாற்காலிக் கையில."

அவள் வாங்கினாள். ரெண்டு சுற்று, ஒரு மடிப்பு, நுனி உள்ளே. விரல்கள் தானாகப் போயின.

பெண் போலீஸ் குனிந்து பார்த்தாள். "அய்யய்யோ, அதே முடிச்சு!"

டாக்டர் நுனியைப் பிடித்து இழுத்தார். அவ்வளவுதான். மொத்த நாடாவும் அவிழ்ந்து கையோடு வந்தது.

"பிள்ளையைக் கட்டிப் போடறவங்க இப்படியா கட்டுவாங்க? அவனே இழுத்துவிட்டுட்டு ஓடிட மாட்டான்?"

டாக்டர் நாடாவை அவள் மடியில் போட்டார்.

"சலவைக்கூடத்துல எல்லாருமே இப்படித்தான் கட்டுவீங்களா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் அவள் பொய் தயார் பண்ணி வைத்திருக்கவில்லை.

"இல்ல டாக்டரம்மா. அவங்க இறுக்கி முடிஞ்சுடுவாங்க. நகமே பேந்துரும். இவன் அப்ப இத்துனூண்டு. நானும் அவிழ்க்கறேன்னு வந்து நிப்பான். பிஞ்சு விரல், முடியாது. ஓன்னு அழுவான். அவனுக்காக நானே ஒண்ணு கண்டுபிடிச்சேன். லேசா இழுத்தா போதும், மூட்டை திறந்துக்கும். கை தட்டிச் சிரிப்பான். அப்புறம் கட்டவும் கத்துக்கிட்டான்..."

சொல்லும்போதே முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. வந்தது தெரிந்ததும் சட்டென்று அடக்கிக்கொண்டாள். ஆனால் டாக்டர் பார்த்துவிட்டார்.

"அடிச்சதே இல்ல. இல்லையா?"

அவள் நாடாவை விரலில் சுற்றினாள்.

"இந்த முடிச்சு வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. எனக்கும் அவனுக்கும்தான்."

பெண் போலீஸ் ஒரு அடி பின்னால் நகர்ந்து கதவில் முட்டிக்கொண்டாள்.

"அப்ப பேப்பர்ல போட்டோவைப் பார்த்துட்டுப் போன் பண்ணது..." டாக்டர் முடிக்கவில்லை.

அந்த அம்மாள் நாடாவை எடுத்து நீவி, மடித்து, மேஜை மேல் வைத்தாள். முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது.

"பிடிச்சுக் குடுத்தேன் டாக்டரம்மா. சாகக் குடுக்கல. சூடு வெச்சேன்னே எழுதிக்குங்க."