வெள்ளிக்கிழமை உப்பு

ஃபோன் 'டிங்' என்றது. 

ரம்லா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள். அதே ஆள்தான். 'ருசிப்பிரியன்' என்று பேர் வைத்துக்கொண்டு, முகத்தைக் காட்டாமல் எழுதுகிறவன்.

"ஜாசின் ஊர்க்காரங்களே, வெள்ளிக்கிழமை மட்டும் ரம்லா பிரியாணி பக்கம் போயிடாதீங்க லா. உப்பு கரிக்குது, கறி வேகல."

செங் ஊர் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் மகள் மரீஹா செய்து கொடுத்த ஏற்பாடு இது. கடைப் பேரைக் கீவேர்டாகப் போட்டு வைத்திருக்கிறாள். இணையத்தில் யார் எங்கே அந்தப் பேரை எழுதினாலும் அம்மாவின் ஃபோனுக்குத் தகவல் வந்துவிடும். நாலு பேர் பாராட்டுவதை அம்மா படித்துச் சந்தோஷப்படட்டும் என்றுதான் செய்தாள். பாராட்டுகிறவன் எவன் எழுதுகிறான்? வயிறு நிறைந்தால் பல்லைக் குத்திக்கொண்டு போய்விடுகிறான்.

ரம்லா ஃபோனைக் கணவர் மஜீதிடம் நீட்டினாள். கல்லாவில் உட்கார்ந்திருந்த மனிதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பார்த்துக்கலாம், விடு என்றார். கூரை பற்றி எரிந்தாலும் அவர் அப்படித்தான் சொல்வார்.

அவளால் விட முடியவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் தள்ளுவண்டியில் தொடங்கிய வியாபாரம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வருகிற கூட்டம்தான் அதற்கு உயிர். அன்றைக்கு விடியுமுன்னே அடுப்பு முன்னால் நின்றாளென்றால் சட்டி காலியாகும்வரை உட்கார மாட்டாள். முழங்கால் இரண்டும் வீங்கி, படி ஏற முடியாமல் போன பிறகும் அதே கதைதான். டாக்டர் நிற்கக் கூடாது என்றார். மரீஹா அழுது பார்த்தாள். வெள்ளிக்கிழமை ஒருநாள் மட்டுமாவது அடைத்துவிடலாமே என்று மஜீதும் பயந்து பயந்து சொல்லிப் பார்த்தார்.

"பசியோட வர்றவங்க பூட்டைப் பார்த்துட்டுத் திரும்பிப் போகணுமா? ஆள் வர்ற வரைக்கும் நான் நிப்பேன்" என்று ஒரே போடாகப் போட்டாள். மனிதர் கல்லாவுக்குத் திரும்பிவிட்டார்.

அப்பேர்ப்பட்ட கடைக்கு இப்போது வெள்ளிக்கிழமையில் ஈ ஓட்டுகிற நிலை. மற்ற நாளெல்லாம் வழக்கம்போல் ஆட்கள் வந்தார்கள். வெள்ளி மட்டும் வாரத்துக்கு வாரம் மேசைகள் காலியாகிக்கொண்டே போயின. ரம்லா ஒவ்வொரு சட்டியிலும் திரும்பத் திரும்ப உப்புப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் தன் நாக்கின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முழங்கால் வலியைவிட அதுதான் அவளை அதிகமாகச் சோர வைத்தது.

எழுதுகிறவன் யார் என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அஹமதுதான். அவளிடம் வேலை கற்றுக்கொண்டு, போன வருஷம் பஸ் ஸ்டாண்டு பக்கம் தனியாகக் கடை போட்டவன். வெள்ளிக்கிழமை அங்கே இப்போது வரிசை நிற்கிறதாம். அவன் அப்படிப்பட்டவனில்லை, போகாதே என்று மஜீது தடுத்தார். கேட்பாளா? காலை இழுத்துக்கொண்டு நேரே போய், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முன்னாலேயே கேட்டுவிட்டாள்.

"என் அடுப்புல கரண்டி பிடிக்கக் கத்துக்கிட்டு, என் கடைக்கே வேட்டு வைக்கிறியா?"

அஹமது ஈரக் கையோடு வந்து நின்றான். "நான் எழுதல அக்கா. இங்க சாப்பாடு நல்லாருக்குன்னு யார் சொன்னாலும், அது ரம்லாக்கா கைப்பக்குவம்னுதான் இன்னிக்கும் சொல்றேன். வேணும்னா இவங்களையே கேளுங்க."

என்னமாய் நடிக்கிறான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே திரும்பினாள்.

அடுத்த வெள்ளி, ஜும்மா முடிந்து வெகு நேரமாகியும் இரண்டொரு பேர்தான் வந்து போனார்கள். நின்று என்ன ஆகப்போகிறது என்று ரம்லா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அரிசி மூட்டை மேல் காலை நீட்டினாள். எப்போது கண் அசந்தாளோ, தெரியாது. 'டிங்' சத்தம்தான் எழுப்பியது.

இந்தத் தடவை படமும் போட்டிருந்தான். "நான் சொன்னது பொய்யா? ரம்லா பிரியாணி காத்தாடுது, பாருங்க."

படத்தில் வரிசையாகக் காலி மேசைகள். முன்னால் மங்கலாக ஒரு மிட்டாய் போத்தல். ஓரத்தில், எடுத்தவன் கண்ணுக்குப் படாமல் தப்பியவை, அரிசி மூட்டை மேல் நீட்டியிருந்த இரண்டு வீங்கிய பாதங்கள்.

அந்த மிட்டாய் போத்தல் கல்லா மேலே இருப்பது. அதற்குப் பின்னால் உட்காருகிற ஆள் இந்தக் கடையில் ஒருத்தர்தான்.

ரம்லா நிமிர்ந்தாள். மஜீது அவசர அவசரமாக ஃபோனைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "எத்தனையோ வாட்டி சொன்னேன், நீ கேக்கல. ஆள் வராட்டித்தான் நீ உக்காருவேன்னு தெரியும். வேற வழி தெரியல எனக்கு."

 நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க எழுந்தாள். வழக்கமாகக் குத்துகிற முழங்கால் இன்றைக்குக் குத்தவில்லை. அப்போதுதான், ஈரக் கையோடு நின்ற அஹமதின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள்.

"ஃபோனை எடுங்க. இன்னொண்ணு எழுதணும்."

"என்னன்னு?" என்றார் மஜீது, பயந்துகொண்டே.

"ரம்லா கடை இனிமே வெள்ளிக்கிழமை லீவு, எல்லாரும் அஹமது கடைக்குப் போங்கன்னு எழுதுங்க. உங்க சொந்தப் பேரைப் போட்டு எழுதுங்க."