அரை டம்ளர்

கைப்பேசியை உதட்டருகே வைத்துக்கொண்டு பேசினேன். பேசியதை அது எழுத்தாக்கித் தந்தது. அக்காவுக்கு அனுப்பினேன்.

"என் ரூம்ல ஒருத்தனுக்கு வலிப்பு வந்துச்சுக்கா. நீ சாப்பிடுற அதே மாத்திரைதான் குடுத்திருக்காங்க. அது என்ன பண்ணும்?"

அந்த ஒருத்தன் நான்தான். வேலை பார்க்கும் லாண்டரியில் இஸ்திரி மெஷின் முன்னால் விழுந்தேன். டாக்டர் இந்த ஊர் மொழியில் கடகடவென்று சொன்னதில் பாதி புரியவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. அம்மாவுக்கு வலிப்புள்ள பிள்ளை ஒன்று போதும்.

திரையில் 'அரை டம்ளர்' என்று வந்தது. அக்காவுக்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர். தனக்கும் சரி, வந்தவர்களுக்கும் சரி, டீயைப் பாதிக்கு மேல் ஊற்றவே மாட்டாள். கஞ்சத்தனத்துக்குப் பரிசு வைத்தால் நம் வீட்டுக்குத்தான் என்பார் அப்பா.

"வலிப்பு வராம பார்த்துக்கும். தூக்கம் தூக்கமா வரும். உடம்பு போடும், முடி கொட்டும். அதுக்காக சட்டுனு நிறுத்திடக் கூடாது, திரும்ப வந்துடும். சாப்பிட்டுட்டுப் போடச் சொல்லு உன் ஃபிரெண்டை."

நடுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்கோ மாத்திரை தொடங்கியதிலிருந்து கைப்பேசியில் விரல் ஓர் எழுத்தில் நிற்பதில்லை. துண்டு மடிக்கும் மேஜைக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கேயும் சூப்பர்வைசர் என் கையைத்தான் பார்க்கிறார். இன்றோடு மாத்திரையை நிறுத்திவிடுவதென்று இருந்தேன்.

மறுபடி பேசினேன். "கை நடுங்குமாக்கா? அவன் ரொம்ப பயப்படுறான். வேலை போயிடும்னு..."

கதவைத் தள்ளிக்கொண்டு அறை நண்பன் வந்தான். "டேய் தூங்குமூஞ்சி, மாத்திரை போட்டியா? திரும்ப மெஷின் முன்னாடி விழுந்து தொலைக்காத."

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். அவன் சொன்னதும் அதில் எழுத்தாக இருந்தது.

அழிக்கப் போன விரல் இடம் தவறியது. அதற்குள் அக்கா படித்துவிட்டாள்.

'அரை டம்ளர் எழுதுகிறார்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

நண்பன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

பிறகு பதில் வந்தது.

"நிறுத்திடாதடா. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். கை நடுங்குதுன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லு, நான்தான் இத்தனை வருஷமா சொல்லாம விட்டுட்டேன். அதுவரைக்கும் டீயைப் பாதி டம்ளர் மட்டும் ஊத்திக்கோ. சிந்தாது. யாருக்கும் தெரியாது."