பாலத்தில் நாலு நீலம்

"நாலே பேரை வெச்சுக்கிட்டு அத்தனை பேரையும் எப்படிங்க தடுக்கறது? அநியாயமா இல்ல இருக்கு!"

சாப்பாட்டு மேஜையில் விரித்திருந்த போர்க்களத்தை மனைவி எட்டிப் பார்த்தாள். அட்டையில் ஒரு ஆறு, ஒரு பாலம். பாலத்தைக் காக்க நாலு நீல வீரர்கள். எதிரே பாதி மேஜைக்குச் சிவப்பு டாங்கிகள்.

"ஆட்டமே அப்படித்தான். கடைசி வரைக்கும் பாலம் கைவிட்டுப் போகலைன்னா நீலம் ஜெயிச்சுது" என்றார் கணவர். இந்தப் பக்கம் உட்கார்ந்து சிவப்பை நகர்த்தினார். பிறகு எழுந்து போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, நீலத்துக்காகத் தலையைச் சொறிந்தார்.

அது அவர் தம்பியின் நாற்காலி. மேஜையிலிருந்து உருண்டு கீழே விழுந்த பகடை செல்லுமா, செல்லாதா என்று அண்ணனும் தம்பியும் கட்டிப் புரளாத குறை. பேச்சுவார்த்தை நின்று ஒரு வருஷம் ஆகிறது.

"மூத்தவர் நீங்க. ஒரு போன் பண்ணினா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று இவள் நச்சரித்ததில், "அவன் ஆடற நீலம் ஒரு தடவை ஜெயிக்கட்டும், நானே பேசறேன். ஆனா அழுகுணி ஆட்டம் கூடாது!" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார்.

நீலம் ஜெயித்தால்தானே! தினமும் பாலம் போனதுதான் மிச்சம்.

பொறுத்துப் பார்த்தவள், இன்று காலை இரண்டு சிவப்பு டாங்கிகளை எடுத்துத் தையல் டப்பாவில் ஒளித்துவிட்டாள். எப்போதும் ஒவ்வொன்றாக எண்ணி வைக்கிற மனுஷன், நல்லவேளை, இன்று எண்ணவில்லை.

"இப்ப என்னங்க?"

"கடைசி வீச்சு. சிவப்புக்கு ஆறு விழுந்தா பாலம் காலி."

பகடை உருண்டது. ரெண்டு.

"போச்சுடா! நீலம் ஜெயிச்சுடுச்சே!" தலையில் கை வைத்துக்கொண்டார். "சரி, வாக்கு வாக்குதான். அந்த போனை எடு."

மறுமுனையில் மணி ஒரு தடவைதான் அடித்திருக்கும்.

"டேய்... நான்தான்டா. சாப்பிட்டியா?" என்றவர், எழுந்து போய்த் தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அவளுக்குக் கண் கலங்கியது. அவர் பேசி முடிப்பதற்குள், ஒளித்த டாங்கிகளை ஆட்டப் பெட்டியில் போட்டுவிடலாம் என்று அடுத்த அறைக்கு ஓடினாள். பெட்டியின் மேல் அவர் கழற்றிப் போட்டிருந்த சட்டையைத் தூக்கினாள்.

பையிலிருந்து பொலபொலவென்று கொட்டின, ஐந்து சிவப்பு டாங்கிகள்.