இன்னொரு கூடை

மகள் மறுபடியும் பொத்தானை அழுத்தினாள்.

கண்ணாடித் தொட்டிக்குள் கடல் பின்வாங்கியது. சோப்பு டப்பா அளவில் வீடுகள், அவற்றைச் சுற்றித் தென்னை மரங்கள், முன்னால் ஈர மணல். மணலில் பிளாஸ்டிக் மீன்களைக்கூட ஒட்டி வைத்திருந்தார்கள்.

அம்மா தொட்டியிலிருந்து ஓரடி தள்ளியே நின்றாள்.

வெளியே தண்ணீர்ச் சறுக்கில் விழுந்து விழுந்து ஊரே கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. இத்தனை பெரிய பூங்காவுக்கு வந்து பலகை படிக்கிற பிள்ளை இந்த இலக்கியா ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஆறாம் வகுப்பு. காலையிலிருந்து அம்மாவைக் கூடம் கூடமாக இழுத்துக்கொண்டு திரிகிறாள்.

அம்மாவுக்கும் பிடித்துத்தான் இருந்தது. நீலகிரித் தோடர் குடிசையின் குட்டி வாசலில் இருவரும் தவழ்ந்து போய், உள்ளே உட்கார்ந்து சிரித்தார்கள். இயந்திர டைனோசர் கழுத்தைத் திருப்பியபோது அவள்தான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுத்துக் கூட்டத் தெரியாத தனக்கு இந்தப் பெண் உலகத்தையே படித்துச் சொல்கிறாள் என்று பெருமை தாங்கவில்லை.

ஐந்தாவது கூடத்தின் வாசலில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

தெரிந்திருந்தால் உள்ளே வந்திருக்க மாட்டாள்.

"ம்மா, இதக் கேளு. 'கடல் திடீரென்று உள்வாங்கினால் ஆழிப்பேரலை வரக்கூடும். மீன் எடுக்க இறங்காதீர்கள். உடனே மேடான இடத்துக்கு ஓடுங்கள்.'"

அவள் தொட்டிக்குள் இருந்த ஈர மணலைப் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இப்படி ஒரு பலகை எங்கேயும் இல்லை. கடல் போன இடத்தில் மீன் துள்ளிக்கொண்டு கிடந்தது. கடல்தாயே வாரிக் கொடுக்கிறாள் என்றுதான் தெருவே கூடை தூக்கியது.

அவள் மகன் மதியழகனும் போனான். ஒன்பது வயது.

அவனாகத்தான் ஓடினான் என்று ஊர் நம்பியது. அன்றைக்கு ஆழ்கடலில் இருந்த அவன் அப்பனும் அதையே நம்பினான். குடும்பக் கட்டுப்பாடு செய்த வயிற்றை மறுபடி அறுத்துத் திறந்து பெற்றாளே, இந்த இலக்கியா, இவளும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாள்.

அவள் யாரையும் திருத்தவில்லை. அதன்பின் அவள் வீட்டில் மீன் வாங்குவதில்லை. துக்கம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

இலக்கியா பலகையின் கடைசி வரிக்கு வந்திருந்தாள். உள்வாங்கிய கடல் திரும்பி வரச் சில நிமிடங்கள் ஆகுமாம். விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"அப்ப நேரம் இருந்திருக்கும்மா. நம்ம பழைய வீடு மேட்டுலதானே இருந்திச்சு? கடக்கரையிலேருந்து ஓடி வந்துடலாம்ல. யாராச்சும் சொல்லியிருந்தா அண்ணன் வந்திருக்கும்."

வந்தான்.

கூடை நிறைய மீனோடு, முழங்கால்வரை சேறோடு, மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றான். அவள் மீனைத் தரையில் கொட்டிக்கொண்டு காலிக் கூடையை நீட்டினாள்.

போதும்மா, கால் வலிக்குது என்றான்.

இன்னொரு கூடை என்றாள்.

முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அரிவாள்மணை முன் உட்கார்ந்து மூன்றாவது மீனை ஆய்ந்துகொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. தண்ணீர் வாசற்படி வரைக்கும் வந்து திரும்பிப் போனது.

அவன் கொண்டு வந்த மீன் அத்தனையும் தரையில் அப்படியே கிடந்தது.

தொட்டிக்குள் கடல் திரும்பி வந்தது. வீடுகள் முழுகின, தென்னை மரங்கள் முழுகின. பிறகு எல்லாம் வடிந்து பழையபடி ஆயிற்று. பலகை ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு பச்சையாக எரிந்தது.

இலக்கியாவின் விரல் மறுபடியும் பொத்தானுக்குப் போனது.

"இன்னொரு தடவம்மா. ஒரே தடவ."

அவள் எட்டி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் வளையல் ஒன்று உடைந்து கீழே விழுந்தது. பிள்ளை மிரண்டுபோய் நிமிர்ந்தாள். அதே கண். அதே மாதிரி முகத்தைத் தூக்கிக்கொள்ளத் தயாராக இருந்த உதடு.

சொன்னால் இவளும் போய்விடுவாள். அந்தப் பயம்தான் இத்தனை வருஷமும் அவள் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. பயம் இப்போதும் இருந்தது. கொஞ்சமும் குறையவில்லை.

"ஒங்கண்ணன் வந்தான் பாப்பா," என்றாள்.

மகள் கையை உருவிக்கொள்ளவில்லை. பொத்தானையும் அழுத்தவில்லை.

"வந்துட்டு?" என்றாள்.