தெரிவான பிள்ளை

லண்டன் ஹரோவில், பள்ளிக்கூடப் படிவத்தைக் கைபேசியில் நிரப்பும்போது கனகலிங்கத்தின் பெருவிரல் வழுக்கியதில், வீட்டு மொழி தமிழுக்குப் பதிலாக ஸ்பானிஷ் ஆனது. கொஞ்ச நாளில் கடிதம் வந்தது: ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளின் கவனத்தை அளக்கும் சோதனைக்கு மகள் தக்ஷிகா தெரிவாகியிருக்கிறாள்.

"பிழையா நிரப்பினதைச் சொல்லுங்கோவனப்பா," என்றாள் மனைவி தவநாயகி.

"உமக்கென்ன விசரே? பிள்ளை தெரிவாகியிருக்கிறாள்!"

பிழையைத் திருத்துவதைவிடப் பிள்ளையைத் திருத்துவது சுலபமாகப் பட்டது. மூன்று மாதம் தினமும் ஸ்பானிஷ் டியூஷன் வைத்தார்.

சோதனை முடிந்ததும், அதை நடத்திய மலேசியத் தமிழ்ப் பெண் ஷாமளாவை மறித்தார்.

"மகள் எத்தினையாம் இடம்?"

"இடமெல்லாம் கிடையாது, அங்கிள்."

"பாஸோ?"

"பாஸும் ஃபெயிலும் கிடையாது."

"தங்கச்சி, பிள்ளை தெரிவானதை ஹரோ முழுக்கச் சொல்லிப்போட்டன். மறைக்காமல் சொல்லுங்கோ, எதுக்கு இவளைத் தெரிவு செய்தனீங்கள்?"

ஷாமளா பெருமூச்சு விட்டாள்.

"கவனக்குறைவு உள்ள பிள்ளைங்களைக் கண்டுபிடிக்கணும்னா, ஸ்பானிஷ் பேசுற சாதாரணப் பிள்ளைங்க எவ்வளவு மார்க் எடுப்பாங்கன்னு முதல்ல தெரியணும். அதனால, எதிலயும் முன்னாலயும் இல்லாம பின்னாலயும் இல்லாம இருக்கிற பிள்ளைங்க பேரைப் பள்ளிக்கூடத்துல கேட்டோம். முதல் பேரா உங்க மகளைத்தான் கொடுத்தாங்க."